ஹெட் கேஸ்கட் வாங்கப் போகும் முன்

தென்னூர், திருச்சி

அன்பு மருமகனுக்கு,

தாத்தாவின் அம்பாசிடருக்கு ஹெட் கேஸ்கட் போய்விட்டது, நானே மாற்றிப் பார்க்கிறேன், எந்தக் கேஸ்கட் வாங்கட்டும் என்று எழுதியிருந்தாய். மாற்றுவது உன்னால் முடியும். ஆனால் கடைக்குப் போகும் முன் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது ஏன் போனது? கேஸ்கட் தானாகப் போவது அரிது. அதைக் கெடுத்த காரணத்தை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால், அடுத்த சித்திரையில் மறுபடி ஹெட்டைத் தூக்க வேண்டியிருக்கும்.

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய தகடு, சண்டைக்கார வீடுகள் மூன்றுக்கும் பொதுவான ஒரே சுவர். ஒரு பக்கம் எரியும் வாயு. அதன் வெப்பம் ஒரு கணம் 2000 டிகிரியையும் தாண்டும். இன்னொரு பக்கம் குளிர்விக்கும் தண்ணீர். மூன்றாவது, மேலே ராக்கருக்குப் போகும் ஆயில். எந்த இரண்டு கலந்தன என்பதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். வாயு தண்ணீருக்குள் புகுந்தால், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் வாயைப் பார்க்கும்போதே குமிழி விடாமல் வரும். தண்ணீர் ஆயிலில் கலந்தால் டிப் ஸ்டிக்கில் பால் கலந்த காப்பி நிறம் தெரியும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இரண்டு சிலிண்டருக்கு நடுவே எரிந்திருந்தால் இது எதுவும் தெரியாது; வண்டி இழுவை இல்லாமல் நொண்டும்.

அதற்குத்தான் கம்ப்ரஷன் கேஜ். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதிவை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைவாகக் காட்டினால் கேஸ்கட் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இந்த இன்ஜினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் நடுவில் அடுத்தடுத்து நின்று ஒரே வழியில் புகையை விடுகின்றன. சூடு அதிகம் சேரும் இடம் அதுதான். பழைய கேஸ்கட்டை எடுத்ததும் முதலில் அங்கே பார்.

இனி காரணம். திருச்சி வெயிலை நினைத்துக்கொள். ரேடியேட்டர் சூட்டை வெளியே தள்ளுவது, உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால். தண்ணீர் 90 டிகிரி, காற்று 25 என்றால் வித்தியாசம் 65. அக்னி நட்சத்திரத்தில் காற்று 40 ஆகும்போது அது 50 ஆகிவிடுகிறது. எதுவும் பழுதாகாமலே ரேடியேட்டரின் திறனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. இந்த வண்டியில் ஃபேனைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் நெரிசலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் காற்று குறைவு. அந்த நிலையில் ரேடியேட்டர் குழாய்களில் பாதி அடைத்திருந்தால் என்ன ஆகும்?

அடைப்பது போர் தண்ணீர். பக்கெட்டில் அது வெள்ளையாய் உப்புப் படிவதைப் பார்த்திருப்பாய். இன்ஜினுக்குள்ளும் அதே படிவு, கூடவே இரும்பின் துருவும் சேரும். கூலன்ட் பனி பெய்கிற ஊருக்குத்தான், நமக்கு எதற்கு என்று பலர் சொல்வார்கள். கேட்காதே. நமக்கு அது தேவைப்படுவது துருப்பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலையைச் சற்று உயர்த்தவும். டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்று. ரேடியேட்டர் மூடியையும் மாற்று. மூடி தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் தண்ணீர் கொதிக்கும் சூட்டை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூட்டுகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்தப் பாதுகாப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும்.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பார். சூடாகும் வண்டி எதுவானாலும் அதைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. கெட்டதைக் கழற்றுவது சரி. அந்த இடத்தில் நல்லதைப் போட வேண்டும். அது இல்லாத இன்ஜின் ஓட வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகிறது. பெட்ரோல் வீணாகிறது, உள்ளே தேய்மானமும் கூடுகிறது. புதியதை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று சோதித்துவிட்டு மாட்டு.

இப்போது கடைக்குப் போகலாம். 'அம்பாசிடர் ஹெட் கேஸ்கட் கொடுங்க' என்றால் போதாது. கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் 1957இல் தொடங்கி 2014 மே மாதம் வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி இது. வெளித் தோற்றம் பெரிதாக மாறவில்லை, இன்ஜின் பல முறை மாறியது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரீஸ் வழி வந்த 1489 சிசி பெட்ரோல், அதே வழியில் பின்னால் வந்த டீசல், 1990களில் வந்த இசுசூ 1800 எல்லாம் தனித்தனி. உன்னுடையது 1489 பெட்ரோல் என்று பிளாக்கில் இருக்கும் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள். பழைய கேஸ்கட்டைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதன் மேல் வைத்து, ஒவ்வொரு தண்ணீர் ஓட்டையும் ஆயில் ஓட்டையும் ஒத்துப்போகிறதா என்று பார்.

போர் அளவையும் சொல்ல வேண்டும். கம்பெனி அளவு 73 மில்லிமீட்டர். தாத்தா காலத்தில் ரீபோர் செய்திருந்தால் ஒரு மில்லிமீட்டர் வரைகூடப் பெரிதாகியிருக்கலாம். கேஸ்கட்டின் வளையம் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் அந்த விளிம்பு பழுக்கக் காய்ந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

வகை என்று பார்த்தால், செம்புத் தகட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்த பழைய சரக்கு இன்னும் சில கடைகளில் கிடக்கும். அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் காலத்துச் சாமான் என்று ஆசைப்படாதே. பல வருஷம் ஆணியில் தொங்கி மடிந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் இன்றைய கார்களுக்கு ஏற்றது; கண்ணாடி போலப் பளபளப்பான பரப்பு இருந்தால்தான் அது அடைக்கும். உன் வண்டியில் ஹெட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரியும். பிரீமியர் பத்மினி போல அலுமினிய ஹெட் இரும்பு பிளாக்கின் மேல் உரசிக்கொண்டு விரியும் தொல்லை உனக்கு இல்லை. ஆகவே நடுவில் ஸ்டீல் தகடு, ஓட்டையைச் சுற்றி உலோக வளையம் வைத்த, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத காம்போசிட் கேஸ்கட் போதும். சின்ன மேடுபள்ளத்தை அது பொறுத்துக்கொள்ளும். டால்ப்ரோஸ் போன்ற பெயர் தெரிந்த கம்பெனியின் சரக்காக, உறை பிரிக்காததாக வாங்கு.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் தண்ணீரை வடித்துவிடு; பிளாக் குழாயில் வண்டல் அடைத்திருந்தால் கம்பியால் குத்து. ஹெட்டைப் பிடிக்கும் பதினொரு நட்டில் நான்கு, ராக்கர் ஷாஃப்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ராக்கர்தானே என்று அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் கோணிவிடும். பதினொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தே தளர்த்து. புஷ் ராடுகளை ஓர் அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்திவை. ஹெட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை நுழைக்காதே. மரக்கட்டை வைத்து ஓரத்தில் தட்டு. இரும்பு ஹெட் கனமானது, தூக்க இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள். ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டு. உலர்ந்த நிலையில் வயர் பிரஷ் போடவே கூடாது, ஊதவும் கூடாது.

வேலையின் பாதி இந்தப் பரப்புகளில்தான் இருக்கிறது. நேரான ஸ்டீல் ஸ்கேலை ஹெட்டின் நீளத்திலும் இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் செய்யக் கொடு. முகம் சமமாகும் அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஒரு இழைகூட எடுக்க வேண்டாம் என்று சொல். அங்கேயே வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல், குறிப்பாக நடு வால்வுகளுக்கு இடையில். பிளாக்கின் முகத்தையும் அதே ஸ்கேலால் பார்க்க மறக்காதே. ஸ்டட் நிற்கும் ஓட்டையைச் சுற்றி இரும்பு மேலே இழுபட்டு மேடு தட்டியிருந்தால், சிலிண்டர்களைத் துணியால் அடைத்துக்கொண்டு அதை அரத்தால் சமன் செய்.

மாட்டும்போது கேஸ்கட்டில் 'டாப்', 'ஃப்ரன்ட்' என்று இருந்தால் அதன்படி வை. ஷெல்லாக் தடவுவதும் பழைய பழக்கம்தான். பூச்சோடு வரும் காம்போசிட் கேஸ்கட்டை உலர்ந்தபடியே வைக்க வேண்டும். ஸ்டட் மரையில் ஒரு துளி ஆயில், நட்டுக்கு அடியில் தட்டையான வாஷர். நடுவிலிருந்து தொடங்கி மாறிமாறி வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் டைட் வை. கை பலத்தை நம்பாதே, டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கு. எத்தனை அளவு என்பதை உன் இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் பார்; ராக்கரின் சின்ன நட்டுகளுக்குத் தனி அளவு. பழைய புத்தகம் பவுண்டு-அடியில் சொல்லும், இப்போது விற்கும் ரெஞ்ச் பல நியூட்டன்-மீட்டரில் காட்டும். ஒரு பவுண்டு-அடி என்பது 1.356 நியூட்டன்-மீட்டர். புத்தகம் 40 என்று சொல்லி, நீ நியூட்டன்-மீட்டரில் 40 வைத்தால், தேவையான இறுக்கத்தில் முக்கால் பங்குகூட வராது.

டாப்பட் சரிசெய்ய ஒன்பது கணக்கை வைத்துக்கொள். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

கூலன்ட் ஊற்றி, காற்று வெளியேறும் வரை மெதுவாக ஓடவிட்டு, சூடு நிலைத்ததும் நிறுத்து. மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது அதே வரிசையில் ஒவ்வொரு நட்டாக லேசாகத் தளர்த்தி, மறுபடி முழு அளவுக்கு டைட் வை. அப்படியே ரெஞ்சைப் போட்டால், நட்டு பிடித்துக்கொண்டிருப்பதையே இறுக்கம் என்று காட்டிவிடும். பிறகு தென்னூரிலிருந்து சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை வழியாக ஸ்ரீரங்கம் போய்த் திரும்பி வா. காலியான நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று முடிவு செய்யாதே; நெரிசலில் ஊர்ந்து, சூட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார். ஏதாவது சந்தேகம் வந்தாலும் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை ஆறிய இன்ஜினில் டைட் வைத்துப் பார். ஹெட் ஒரு இழை கீழே இறங்கினாலும் டாப்பட் இடைவெளி குறைந்துவிடும், அதனால் அன்றைக்கே அதையும் மறுபடி அளந்துவிடு.

அன்புடன்,
மாமா