நாட்பட்ட மனச்சோர்வும் உழிச்சில் சிகிச்சையும்

திருவனந்தபுரத்தின் கரமனைப் பகுதியில், ஆற்றையொட்டிய தெருக்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எண்ணெய் ஒரு மருந்தாகத் தோன்றுவதில்லை. சனிக்கிழமை நீராடலும், கர்க்கடக மாதத்தில், அதாவது நமது ஆடியில், வைத்தியரிடம் உழிச்சில் செய்துகொள்வதும் அங்கு இல்லற வழக்கங்களாகவே கருதப்படுகின்றன. முழங்கால் வலிக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் இச்சிகிச்சையை நாடுவோர் பலர். ஆனால் மனம் தாழ்ந்து கிடப்பதற்காக எண்ணெய்த் தோணியில் படுப்பது பயன் தருமா? இக்கேள்வி வைத்தியத் துறையை மட்டுமன்றிப் பொருளாதாரத்தையும் சார்ந்ததாகும்.

இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில் நீங்காதிருக்கும் சோர்வையே மருத்துவர்கள் நாட்பட்ட மனச்சோர்வு என்கின்றனர். இதனால் பாதிக்கப்பட்டவர் படுத்த படுக்கையாகி விடுவதில்லை. அலுவலகம் செல்வார், கோப்புகளில் கையொப்பமிடுவார், எதிலும் சுவை காணமாட்டார். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் கேரளமும் தமிழ்நாடும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய்க்கு உள்ளாகின்றனர். மனநோய்களின் பெரும்பாலான வகைகளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை என்பதையும் அவ்வாய்வு வெளிப்படுத்தியது. இக்கட்டுரையாளர் அந்த இருபதில் ஒருவராவார். ஆனால் சிகிச்சை பெற்றவர். மாத்திரைகளால் உறக்கம் சீர்பட்டது; விடியற்காலைப் பாரம் மட்டும் எஞ்சியிருந்தது. அந்நிலையில்தான் கரமனையிலுள்ள உறவினர் இல்லத்தில் தங்கி, பதினான்கு நாள் எண்ணெய்ச் சிகிச்சை மேற்கொள்ள நேர்ந்தது.

தோணியில் நடப்பது

உழிச்சிலில் பணியாளர் இருவர் வலமும் இடமுமாக நின்று, வெதுவெதுப்பான தைலத்தை ஒரே சீராகத் தேய்க்கின்றனர். ஒருவர் கை மற்றவர் கையின் வேகத்தை விட்டு விலகுவதில்லை. பிழிச்சிலில் துணியைத் தைலத்தில் நனைத்து உடலெங்கும் பிழிகின்றனர். ஞவரக்கிழியில் பாலில் வெந்த ஞவரை அரிசியை முடிச்சாகக் கட்டி ஒற்றுகின்றனர். சிரோதாரையில் நெற்றியின் மீது தைலம் இடையறாத மெல்லிய தாரையாக விழுகிறது. முதல் நான்கு நாட்கள் எனக்குச் சலிப்பே மிகுந்திருந்தது. ஐந்தாம் நாள் தாரையின்போது காரணமின்றிக் கண்ணீர் பெருகிற்று. பணியாளர் எதுவும் கேளாமல் துணியால் துடைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். பல மாதங்களாக எவரும் என்னிடம் காட்டாத பக்குவம் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஆயுர்வேதம் கூறும் காரணம் தெளிவானது. விஷாதம் எனப்படும் மனத்தளர்ச்சியைச் சரக சம்ஹிதை வாத நோய்களின் வரிசையில் வைத்துள்ளது. வாதத்துக்கு எண்ணெயே தலையாய பரிகாரம். சித்த மருத்துவமும் தொக்கணம் என்ற பெயரில், தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலாக அசைத்தல் ஈறாக ஒன்பது முறைகளை வகுத்துள்ளது.

நவீன ஆய்வுகள் சொல்வது

மென்மயிர் உள்ள தோலில், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக வருடும்போது மிகுதியாகத் துலங்கும் தனி நரம்பிழைகள் உண்டென்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். உழிச்சிலின் மெல்லிய கைவீச்சுகள் இவ்விழைகளையும் தொடக்கூடும். ஆயினும் நோய் தீர்கிறதா என்பது வேறு வினா. 2008இல் வெளியான ஒரு மதிப்பீடு, தகுதியான நான்கு சோதனைகளை மட்டுமே கண்டு, போதிய சான்று இல்லை என முடித்தது. 2010இல் தைவான் ஆய்வாளர்கள் 17 சோதனைகளையும் 786 நோயாளிகளையும் ஒன்றுதிரட்டி, மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவதாகக் கண்டனர். கார்ட்டிசால் சுரப்பு பெருமளவு குறைகிறது என்ற பரவலான கூற்று 2011இல் செய்யப்பட்ட கணக்கீட்டில் நிலைபெறவில்லை. தேய்க்கப்படுபவருக்குத் தாம் தேய்க்கப்படுவது தெரியாமலிராது. எனவே போலி மாத்திரையைப் போன்றதோர் ஒப்பீட்டை இங்கு அமைப்பது கடினம். சுருங்கக் கூறின், துணைச் சிகிச்சையாக இடமுண்டு; மாற்றுச் சிகிச்சையாக நிற்கும் வலு இதற்கு இன்னும் வரவில்லை.

இவ்வேறுபாட்டை நான் என் உடலைக் கொண்டே கற்றேன். பதினான்கு நாட்களுக்குப் பின் நான் நாடிய வேறொரு தனியார் நிலையத்தில், இனி மாத்திரை வேண்டாம் என்றனர். நானும் மகிழ்ந்து ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைச்சுற்றல், ஆறாம் நாள் உறக்கமின்மை, மூன்றாம் வாரத்தில் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம். என் மனைவி கையைப் பிடித்து மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றிராவிடில் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது ஐயமே. அத்தகைய எண்ணம் எழுவோர் தைலத்துக்குக் காத்திராமல், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும்.

இரு தரப்பும் ஒருவரையொருவர் அறியாமல் மருத்துவம் செய்வதே இத்தகைய இடர்களுக்கு வழிவகுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆயுர்வேதத்தில் மனோவிஞ்ஞானம், மானசரோகம் என்ற பிரிவிலும், சித்தத்தில் சிறப்பு மருத்துவத்திலும் முதுநிலைப் பட்டம் பெற்றோரை மனநல வல்லுநராக ஏற்கிறது. கோட்டக்கல்லில் மனநோய்களுக்கென்றே அரசு ஆயுர்வேத மருத்துவமனை உள்ளது. கரமனைக்கு அண்மையில், பூஜப்புரையில் அரசு பஞ்சகர்ம மருத்துவமனை உள்ளது. அத்தகைய இடங்களில் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை மறைக்காமல் கூறுவது நோயாளியின் கடமையாகும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 1960களில் பொருளாதார அறிஞர் பாமோல் சுட்டிய சிக்கல் இங்குக் கண்கூடு. தொழிற்சாலையில் ஒரு மணி நேர உழைப்பின் விளைவு ஆண்டுதோறும் பெருகுகிறது. உழிச்சிலுக்கோ இரண்டு தலைமுறைகளுக்கு முன்பும் இரு பணியாளரும் ஒரு மணி நேரமும் தேவைப்பட்டன, இன்றும் தேவைப்படுகின்றன. கூலி உயர உயர இச்சிகிச்சை எளியோருக்கு எட்டாததாகிச் சுற்றுலா விடுதிகளின் பண்டமாகிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு வழங்க வேண்டுமென மேற்கண்ட சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறினும், மருத்துவமனையில் சேராமல் வாரம் ஒரு முறை பெறும் உழிச்சிலுக்கு நோயாளி பெரும்பாலும் தம் கைப்பொருளையே செலவிடுகிறார்.

இப்போது மாத்திரையைக் காலையில் விடாமல் உட்கொள்கிறேன். சனிக்கிழமைதோறும் வீட்டிலேயே நல்லெண்ணெய். முதுகுக்கு மட்டும் மனைவியின் உதவி. அளவைக் குறைப்பது பற்றி வரும் தை மாதம் பார்க்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார்.