புயல் ராத்திரியில் சாவி யார் கையில்?

செய்யூரை அடுத்த இடைக்கழிநாட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மா கடிதம் போட்டிருக்கிறார். மகன் அடிதடி வழக்கு ஒன்றில் ரிமாண்டில் இருக்கிறான். "மாண்டஸ் புயலப்போ நாங்க ராத்திரியோட ராத்திரியா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டோம். இந்த வருஷம் அப்படி ஒண்ணு வந்தா, பூட்டுக்குள்ள இருக்குற எம்புள்ள எங்க ஓடுவான்?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, நான் சிறைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகனால் ஓட முடியாது. அதனால் அவனுக்காக ஓட வேண்டியவர்கள் யார், மழைக்கு முன்பே அவர்கள் செய்து வைக்க வேண்டியது என்ன என்பதைத்தான் நாம் பேச வேண்டும். இந்தப் பதிலில் பாதி என் பழைய சகாக்களுக்கு, மீதி உங்களுக்கு.

உங்கள் கரைக்குப் புயல் புதிதில்லை. 2012 அக்டோபர் 31-ல் நீலம், 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ், இரண்டும் மாமல்லபுரம் அருகே கரை கடந்தன. 2011-ல் தானே, 2020-ல் நிவர், 2024-ல் ஃபெஞ்சல் ஆகியவை கொஞ்சம் தெற்கே கடந்தன. எல்லாமே அக்டோபர் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவில் வந்தவை. ஆகவே சிறை அதிகாரிக்கு வேலை மாதம் செப்டம்பர்.

முதல் வேலை பூட்டும் சாவியும். சாயங்காலம் லாக்கப் முடிந்து, எண்ணிக்கை சரியானதும் சாவிகள் பெட்டிக்குள் போய்விடும். அதன்பின் விடியும்வரை பாராவில் நிற்பவர் கையில் லத்தியும் டார்ச்சும்தான் இருக்கும். கடலோரத்துச் சிறை ஒன்றுக்கு ஒருமுறை இரவுச் சோதனைக்குப் போயிருந்தேன். பின்பக்க அவசர கேட்டைத் திறக்கச் சொன்னேன். வார்டர் கொத்திலிருந்து நாலு சாவியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஐந்தாவது சாவி உள்ளே போனது, ஆனால் திரும்பவில்லை. அழுத்தித் திருப்பியதில் சாவியின் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. பூட்டின் அடியிலிருந்து செங்கல் பொடி மாதிரி துரு உதிர்ந்தது. கடைசியாக அதை எப்போது திறந்தார்கள் என்று ரிஜிஸ்டரில் தேடினோம், பதிவே இல்லை. அந்த பிளாக்கில் நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பது செய்யூர் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கடலோரச் சிறையில் ஒவ்வொரு பூட்டுக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விட்டு, திறந்து மூடிப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கும்படி ஒவ்வொரு சாவியிலும் வெட்டுக்குறி இருக்கட்டும். இன்னொரு கொத்து, வேறு இடத்தில், முத்திரையிட்ட பெட்டியில் இருக்கட்டும். கடப்பாறையும் இரும்பு வெட்டும் கருவியும் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை, பாரா நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியம், யார் திறப்பது என்பது. தீ பிடித்தாலோ தண்ணீர் புகுந்தாலோ ஜெயிலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பாராவில் இருப்பவரே செல்லைத் திறக்கலாம் என்று எழுத்து மூலம் உத்தரவு இருக்க வேண்டும். தப்பித்துவிடுவார்களே என்ற பயம் எனக்கும் இருந்ததுதான். ஆனால் செல்லைத் திறப்பது வேறு, சிறையைத் திறப்பது வேறு. உள்ளே திறந்துவிட்டாலும் சுற்று மதிலும் வெளிக் கேட்டும் இருக்கின்றன. உத்தரவில்லாத வார்டர் தன் வேலை போய்விடும் என்று தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும், புகை அதற்குள் முடித்துவிடும். 2012 பிப்ரவரி 14 இரவு ஹோண்டுராஸ் நாட்டின் கொமயாகுவா சிறையில் தீப்பிடித்து 350-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னாலேயே. அவ்வளவு தூரம் போவானேன்? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை நம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அது சிறை இல்லை. ஆனாலும் கட்டிப்போடப்பட்டவர்களை அவிழ்த்துவிட ஆளில்லாமல் போனது அங்கேயும்தான்.

அடுத்தது, எங்கே கொண்டுபோவது. 2019 செப்டம்பர் கடைசியில் உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டச் சிறைக்குள் வெள்ளம் புகுந்தபோது, 850-க்கும் மேற்பட்டோரை ஆசம்கர் உள்ளிட்ட வேறு சிறைகளுக்கு மாற்றினார்கள். ஆகவே செய்யக்கூடிய காரியம்தான். 1894-ஆம் வருடச் சிறைகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தேவைப்பட்டால் தற்காலிகச் சிறையில் வைக்க வழி சொல்கிறது. எந்தக் கட்டடம், எத்தனை பஸ், வழிக்காவலுக்கு எத்தனை பேர் என்பதை மழைக்கு முன்பே ஆட்சியரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் அவர்தான். மாவட்டத் திட்டத்தில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இருக்கும், சிறைக்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று கண்காணிப்பாளர் நேரில் கேட்டுப் பார்க்கட்டும். மாற்றுவதென்றால் காற்று எழும்பும் முன்பே மாற்றிவிட வேண்டும். சாலையில் மரம் விழுந்தபின் கைதி வண்டியை எடுப்பது தற்கொலை.

கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சிறையில் அதைச் செய்யவில்லை. 2005 ஆகஸ்டில் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள், சிறைவாசிகள் 6,000-க்கும் மேற்பட்டோர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். கரண்ட் போனது, ஜெனரேட்டரும் நின்றது, கீழ்த்தளத்தில் தண்ணீர் நெஞ்சளவு ஏறியது. பிறகு படகில் ஏற்றி மேம்பாலத்தில் இறக்கி, மாநிலம் முழுக்கச் சிதறடித்தார்கள். யார் எங்கே, எந்த வழக்கு என்பதற்குக் காகிதம் இல்லை. சில்லறை வழக்கில் வந்தவர்கள்கூட விடுதலை நாள் தாண்டி மாதக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். அதனால் அட்மிஷன் ரிஜிஸ்டரின் நகலும் வாரண்டுகளின் நகலும் வேறு ஊரில் ஒரு செட் இருக்க வேண்டும். வண்டி ஏறும் ஒவ்வொருவருடனும் ஒரு தாள், பிளாஸ்டிக் உறைக்குள்: பெயர், போட்டோ, வழக்கு, கோர்ட், மருந்து.

ஒத்திகையை ராத்திரி இரண்டு மணிக்கு நடத்துங்கள். அதிகாரி வரும் பகல் வேளையில் நடப்பது அணிவகுப்புதான். வெளியேற்றும்போது முதலில் கீழ்த்தளம், வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள், தாயோடு இருக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள். கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு அவசரம் என்றால் அறிவிப்பு வரும்வரை கதவு ஜன்னலை அடைத்து உள்ளேயே இருக்க வேண்டும். தீக்குச் செய்வதற்கு நேர்மாறானது. இரண்டையும் வார்டர்கள் தனித்தனியாகப் பழக வேண்டும்.

இனி உங்களுக்கு அம்மா. அடுத்த தடவை மகனைச் சந்திக்க மனு பார்க்கப் போகும்போது உங்கள் போன் நம்பரோடு பக்கத்து ஊர் உறவினர் நம்பரையும் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். புயல் அன்று உங்கள் ஊரில் டவர் இருக்காது. மகனுக்கு வலிப்பு, சுகர், ஆஸ்துமா ஏதாவது இருந்தால் மருந்துச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். குற்ற எண், காவல் நிலையம், கோர்ட், அடுத்த வாய்தா தேதி இவற்றை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அவனை வேறு சிறைக்கு மாற்றினால் வக்கீல் தேடிப் பிடிக்க அந்தத் தாள்தான் உதவும்.

கூட்டம் குறைந்த சிறையைக் காலி செய்வதும் சுலபம், அதனால் ஜாமீனும் புயல் ஏற்பாடுதான். 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர் இருந்தார்கள். நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். கொரோனா வந்த 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே, மாநிலங்கள் உயர்மட்டக் குழுக்கள் அமைத்து, யாரைப் பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடலாம் என்று முடிவு செய்யச் சொன்னது. உங்கள் மகன் இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவன் என்றால், 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகவே கழிந்திருந்தால் விடுவிக்க வழி இருக்கிறது. அவன்மேல் வேறு வழக்கு இருக்கக்கூடாது, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றமாகவும் இருக்கக்கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்குப் பேசுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஆள் தரும்.

2004 சுனாமியில் இலங்கையின் மாத்தறைச் சிறைக்குள் கடல் புகுந்தபோது கைதிகள் பலர் வெளியே வந்துவிட்டார்கள். உயிருக்குப் பயந்து உங்கள் மகனும் அப்படி வந்து நின்றால், சாப்பாடு போடுங்கள், ஈரத் துணியை மாற்றுங்கள், அன்றைக்கே வக்கீலையோ ஊர்ப் பெரியவரையோ கூட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். ஒளித்து வைத்தால் அவன்மேல் இன்னொரு வழக்கு, உங்கள்மேல் ஒரு வழக்கு.

ரெட் அலர்ட் அன்று மனு பார்க்கக் கிளம்பாதீர்கள். சிறை போன் கிடைக்கவில்லை என்றால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. மகன் பெயரையும் சிறையையும் சொல்லி, அங்கே தண்ணீர் நிற்கிறதா, ஆட்களை மாற்றினார்களா, எங்கே என்று கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் வழக்கு விவரம் எழுதிய அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.