பகைவர் காட்டிய குறை

 

தன் குறையைத் தானே அறிதல் எளிதன்று. அதற்கு நான்கு வழிகள் உண்டென்று, ஹிஜ்ரி 505 (கி.பி. 1111) இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் விளக்குகின்றார்கள். ஒன்று, குறையறிந்து திருத்தும் ஆசிரியர். இரண்டு, உண்மை பேசும் நண்பர். மூன்று, பகைவரின் நாவு. நான்கு, பிறரிடம் காணும் குறை நம்மிடமும் உண்டா என்று பார்ப்பது.

மூன்றாவது வழியின் பொருள் மதரஸாவில் எனக்கு விளங்கவில்லை. கலும்பாங்கில் மளிகைக் கடை வைத்த பிறகே விளங்கிற்று.

என்மீது மனக்கசப்புக் கொண்ட வியாபாரி ஒருவர், என் தராசு கள்ளத் தராசு என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. முறைப்படி முத்திரை வைத்த தராசாயிற்றே! அவர் பொய்யை நிரூபிக்கவே அன்றிரவு கடையைச் சாத்திவிட்டுச் சோதித்தேன். வெறும் தட்டிலேயே முள் 30 கிராம் முன்னால் நின்றது. உடல் நடுங்கிவிட்டது.

ஐந்து கிலோ வாங்குபவருக்கு 30 கிராம் பெரிதன்று. கால் கிலோ மிளகாய் வாங்கும் தோட்டத்து ஏழைக்கோ, பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நஷ்டம். அளவில் குறைப்போரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் 'முதஃப்பிஃபீன்' என்னும் 83 ஆவது அத்தியாயம் இருப்பதை அறிந்தும், முள்ளைப் பாராதிருந்தேன். நாள்தோறும் அத்தராசின் அருகிலேயே அமர்ந்து பேசிய நண்பர்களும் ஒன்றும் சொன்னதில்லை. அன்புள்ள கண்ணுக்குக் குறை தெரிவதில்லை.

தராசைச் சரிசெய்து மீண்டும் முத்திரை வைத்தேன். கடன் கணக்கில் பெயர் உள்ளவர்களிடம் உண்மையைச் சொல்லி ஈடு செய்தேன். யாரென்று அறியாதவர்களுக்காக, அவர்கள் பெயரால் தர்மம் கொடுத்தேன். நான் வேண்டுமென்றே ஏமாற்றினேன் என்று அவர் சொன்னது தவறு. எடை குறைந்தது என்பது மெய். தவறானதைப் பொறுத்தேன், மெய்யானதைத் திருத்தினேன்.

ஆதலால் சகோதரர்களே, பகையை நாமாகத் தேடிக்கொள்ள வேண்டாம். தானாக வந்த பகைவர் ஏசும்போது மட்டும், பதில் சொல்லுமுன் ஒருமுறை நம் தராசைப் பார்த்துக்கொள்வோம். மறுமையில் வெளிப்பட வேண்டிய கடனை இம்மையிலேயே காட்டிக் கொடுத்த அவருக்காக, நான் இன்றும் துஆ செய்கின்றேன்.