கழிவு விலையில் பரிசு அட்டை

1000 ரூபா பரிசு அட்டையை ஒருவர் 900 ரூபாவுக்குத் தருகிறார். நமக்கு 100 ரூபா மிச்சமா? எப்படியும் வாங்கவேண்டிய அரிசி, பருப்பு, சவர்க்காரத்துக்குச் செலவிட்டால் மிச்சமே. அட்டை இருக்கிறதே என்று தேவையற்றதை வாங்கினால் 900 ரூபாவும் நட்டம்.

மேலும், பொருள் வாங்கும்வரை அட்டைக்குரிய பணம் கடைக்காரர் கையிலேயே இருக்கிறது. பிரித்தானியாவில் 2006 ஒக்டோபரில் 'பெயார்பாக்' கம்பனி முறிந்தபோது, நத்தார்ப் பொருட்களுக்கும் வவுச்சர்களுக்கும் சிறுகச் சிறுகப் பணம் கட்டிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தவித்தனர்.

ஆகவே, மீதித்தொகையையும் முடிவுத் திகதியையும் கடையிலேயே சரிபார்த்த பின்பு காசைக் கொடுப்போம். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதிருப்போம். மீண்டும் இடம்பெயர நேர்ந்தால் காசு நம்முடன் வரும். அந்தக் கடை வராது.