கரிசல் மண்ணில் கொல்லைப்புற மரமேடை

நாகபுரியில் வீடு கட்டிக் குடியேறிய நம்மவர் பலருக்கும் உள்ள ஆசைதான் எனக்கும் இருந்தது. ஊரில் திண்ணை இருந்தது. இங்கே கொல்லைக் கதவைத் திறந்தால் வெறும் மண். கோடை மாலையில் அம்மா காற்றாட உட்கார ஒரு மரமேடை போட்டேன். அரையடி ஆழத்தில் செங்கல் தூண்கள். ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள் மேடை தூக்கிக்கொண்டது. வெளிப்புறம் திறக்கும் சமையலறைக் கதவு பலகையில் இடித்தது. போல்ட் போட்ட இடத்தில் சுவர் பிளந்தது. தூக்கி நின்ற பலகையில் அம்மா கால் தடுக்கி விழுந்த பிறகுதான் கணக்கைப் பாடமாகப் படித்தேன். அதையே இங்கே தருகிறேன்.

மேடை 12 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களின் எடையும் மரத்தின் எடையும் சேர்த்துச் சதுர அடிக்கு 25 கிலோ என்றால் மொத்தம் 3,000 கிலோ. வீட்டுச் சுவருக்கு இணையாக இரண்டு உத்திரங்கள். ஒவ்வொன்றையும் 5 அடி இடைவெளியில் மூன்று கால்கள் தாங்குகின்றன. நடுக்கால் ஒன்றின் பங்கு 5 அடிக்கு 5 அடி, அதாவது 25 சதுர அடி: 625 கிலோ. ஒன்றரை அடிச் சதுரக் கான்கிரீட் பீடம் போட்டால் மண்ணின் மேல் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 3 டன்தான்.

"இவ்வளவுதானா, மண் தாங்குமே!" என்று தோன்றும். தாங்கும். ஆனால் கரிசல் மண் தண்ணீர் குடித்து ஊதும்போது மேல்நோக்கித் தள்ளும் விசை சதுர மீட்டருக்கு 10 டன்னையும் தாண்டக்கூடும். மூன்று டன்னால் பத்து டன்னை எப்படி அமுக்குவது? மாடி வீட்டைவிட இலேசான மேடையும் சுற்றுச்சுவரும்தான் இங்கே அதிகம் ஆட்டம் காண்கின்றன. மே மாதத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண், ஜூன் மழையில் மூடிக்கொண்டு எழும்புகிறது.

இதற்கு ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வழி ஒன்று உண்டு. மூன்றரை மீட்டர் ஆழத்தில், அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் கால். வீட்டுக்கு அருமையானது. மேடைக்கு அது கொசுவை அடிக்கக் கோடரி. நமக்கு ஏற்றது வேறு: மேடை அசையட்டும், ஆனால் வீட்டைத் தொடாமல் தனியே அசையட்டும், அசைந்ததை நாம் திருத்திக்கொள்வோம்.

ஒவ்வொரு காலுக்கும் 3 அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழத்துக்கு, நம் கொத்தனார் பாஷையில் சொன்னால், 'வானம்' தோண்டுங்கள். அடியில் ஒன்றரை அடிக்கு முரும் மண்ணை 6 அங்குல அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். மிஸ்திரியிடம் 'முரும்' என்றே அழுத்திச் சொல்லுங்கள். மலிவென்று 'ரேதி' கொட்டிவிடுவார். மணல் நிரம்பிய குழி மழைநீரைத் தேக்கும் தொட்டியாகிவிடும். முருமின் மேல் 9 அங்குலக் கனத்தில் 1:2:4 கான்கிரீட் பீடம்; அதிலிருந்து சிறு தூண் ஒன்று தரைக்கு மேல் 6 அங்குலம் எழும்பட்டும். தூணின் தலையில் 20 மில்லிமீட்டர் மரையாணியை ஓரடி புதைத்து, மேலே மூன்று அங்குலம் நீட்டி விடுங்கள். நட்டும் அதன் மேல் இரும்புத் தகடும். தகட்டில் உத்திரம் உட்காரும். ஏழு நாள் நீர் ஊற்றிக் காக்காமல் மரத்தை ஏற்றாதீர்கள்.

உயரத்தை மேலிருந்து கீழாகக் கணக்கிட வேண்டும். என் வீட்டு வாசற்படி தரையிலிருந்து 24 அங்குலம். மழைநீர் உள்ளே வராதிருக்க மேடை அதற்கு 2 அங்குலம் கீழே: 22. பலகை 1, சட்டம் 6, உத்திரம் 6 போக மிச்சம் 9. தூணுக்கு 6, மரையாணிக்கு 3. சரியாகிவிட்டது. வாசற்படி தாழ்வாக இருந்தால் சட்டங்களை உத்திரத்தின் மேல் வைக்காமல் பக்கவாட்டில் இரும்புக் கொக்கிகளில் தொங்கவிட வேண்டியிருக்கும்.

உத்திரம் 3 அங்குலத்துக்கு 6; சட்டம் 2 அங்குலத்துக்கு 6. சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்து. இரு முனையிலும் ஓரடி உத்திரத்தைத் தாண்டி நீளட்டும். பலகைகளுக்கிடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி. சுவருக்கும் மேடைக்கும் நடுவே 2 அங்குலம். பல்லார்ஷா தேக்கு கிடைத்தால் பாக்கியம். சால் மரமும் போதும். எதுவானாலும் வைரம் பாய்ந்த கட்டையா என்று பாருங்கள். வெளிறு கரையானுக்கு விருந்து. மேடையின் அடிப்பக்கத்தைப் பலகை வைத்து மூடாதீர்கள். கரையான் தூணில் மண்பூச்சு ஏற்றினால் குனிந்த மாத்திரத்தில் தெரிய வேண்டும்.

மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, எழும்பிய காலில் நட்டைத் தளர்த்தவும் இறங்கிய காலில் முடுக்கவும் வேண்டும். என் மேடையில் சமையலறைக் கழிவுநீர்க் குழாய்க்கு அருகிலுள்ள கால்தான் எப்போதும் முதலில் எழும்புகிறது. குழாயை இந்த வருஷம் தள்ளிப் போடப் போகிறேன்.