சவரக்கத்திக்கும் ஒட்டுக்கத்திக்கும் ஏற்ற தீட்டுக்கற்கள்

மா, சப்போட்டா, சாத்துக்குடி முதலிய கன்றுகளை ஒட்டுக் கட்டி உண்டாக்கும் தோட்டக்காரர்களுக்கு ஒட்டுக்கத்தியின் கூர் மிக முக்கியமானது. மழுங்கிய கத்தியால் சீவினால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவேயுள்ள மெல்லிய வளர்படலம் நசுங்கிக் கிழிகிறது. வேர்க்கன்றின் படலமும் ஒட்டுக்குச்சியின் படலமும் இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றி ஒட்டு நன்கு பிடியாது. கன்றும் குச்சியும் நல்லவையாயிருந்தும் ஒட்டுகள் பட்டுப்போவதற்குக் கத்தியும் ஒரு காரணமாகலாம்.

ஒட்டுக்கத்திக்கு வேண்டிய கூர் ஏறக்குறைய சவரக்கத்திக்குரிய கூரேயாகும். ஆகையால் மடக்குச் சவரக்கத்திக்குக் கல் தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்துகொள்வது தோட்டக்காரர்களுக்கும் பெரிதும் பயன்படும்.

1. கல்லின் எண் எதைக் குறிக்கிறது?

தீட்டுக்கல் என்பது கடினமான மணிகள் நெருங்கிப் பிணைந்த கட்டியாகும். இம்மணிகளே எஃகைச் சுரண்டுகின்றன. பருமணிகளை ஓர் அங்குலத்தில் இத்தனை கண்களென்று கணக்கிட்ட சல்லடையில் சலித்துப் பிரித்ததால் எண்ணிடும் வழக்கம் உண்டாயிற்று. கண்கள் மிகுந்தால் ஒவ்வொரு கண்ணும் சிறுக்கும். அதன் வழியே விழும் மணியும் சிறுக்கும். ஆகவே எண் பெரிதாகப் பெரிதாக மணி சிறிதாகும். சல்லடையால் பிரிக்க இயலாத நுண்மணிகளை வேறு முறைகளால் அளந்து எண்ணிடுகின்றனர்.

மணியின் பருமனை மைக்ரான் என்னும் அளவால் கூறுவர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஜப்பானில் 1998-ஆம் ஆண்டு வெளியான தர அளவின்படி, 240 எண்ணுள்ள மணி சுமார் 57 மைக்ரான். 1000 எண் 11.5 மைக்ரான், 4000 எண் 3 மைக்ரான், 8000 எண் 1.2 மைக்ரான்.

2. ஒரே எண், வெவ்வேறு மணி

கல் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது இவ்விடத்திலேயாம். 1000 என்னும் எண் எல்லா நாட்டிலும் ஒரே பருமனைக் குறிப்பதில்லை. ஐரோப்பிய முறையில் கற்களுக்குரிய எப் வரிசையில் 1000 என்பது சுமார் 4.5 மைக்ரான், உப்புத்தாளுக்குரிய பி வரிசையில் அதே 1000 என்பது சுமார் 18 மைக்ரான். ஜப்பானிய எண்ணோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஆதலால் எண்ணை மட்டும் பார்க்காமல், அது எந்த முறைப்படி இடப்பட்டதென்று கேட்டறிதல் வேண்டும். மைக்ரான் அளவு அச்சிட்டிருந்தால் அதையே கொள்ளுதல் நலம்.

இயற்கைக் கற்களுக்கு இத்தகைய எண் கிடையாது. பெல்ஜியம் நாட்டு ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்கியூல் என்னும் மஞ்சட்கல், சவரக்கத்திக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அதிலுள்ள கார்னெட் மணிகள் 5 முதல் 15 மைக்ரான் வரை இருப்பினும், அவற்றின் முனைகள் அகன்றிருப்பதால் எஃகில் ஆழமாகப் பதிவதில்லை. எனவே கூர் நுண்ணியதாக அமைகிறது. மணியின் பருமனோடு அதன் வடிவத்தையும் கருதவேண்டும் என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

3. படிப்படியாக ஏறுதல்

ஒவ்வொரு மணியும் எஃகில் ஒரு சாலை உழுகிறது. அலகின் இருபுறத்துச் சால்களும் சந்திக்கும் விளிம்பே கத்தியின் வாய். சால் ஆழமாயிருந்தால் வாய் ரம்பம்போல் பல்லுப் பல்லாக இருக்கும். அடுத்த கல் முந்திய கல்லின் சால்களை முழுவதும் அழித்த பின்னரே மேலே செல்லவேண்டும்.

240 எண் கல்லில் தீட்டியவுடன் 8000 எண் கல்லுக்குத் தாவினால், 1 மைக்ரான் மணி 57 மைக்ரான் மணியின் சாலை அழிக்க நெடுநேரமாகும். மேடுகள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். பள்ளங்கள் அப்படியே நிற்கும். பளபளப்பு வேறு, கூர் வேறு என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

4. எந்தக் கத்திக்கு எந்தக் கல்?

கீழே கூறும் எண்கள் ஜப்பானிய முறையைச் சார்ந்தவை.

அரிவாள், வெட்டுக்கத்தி: 240 முதல் 400 வரை போதும். கடைகளில் கிடைக்கும் இருமுகக் கார்போரண்டம் கல் இதற்குப் பொருந்தும். அதன் 'நைஸ்' முகமும் சவரக்கத்திக்கு முரடானதே.

கவாத்துக்கத்தி: 1000.

ஒட்டுக்கத்தி: 1000, பிறகு 4000, இறுதியில் தோல்வார்.

சவரக்கத்தி: 1000, 4000, 8000, இறுதியில் தோல்வார்.

கூர் சற்றே குறைந்தபோது 1000 எண் கல்லைத் தொடுதல் வீண். கடைசிக் கல்லும் வாருமே போதும். வாயில் பல் விழுந்தாலும், முற்றிலும் மழுங்கினாலும் மட்டுமே முதற்கல்லிலிருந்து தொடங்குக.

5. தீட்டும் முறை

சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படியவேண்டும். முதுகின் தடிப்பே கோணத்தை நிர்ணயிக்கிறது. அலகு 18 மில்லிமீட்டர் அகலமும் முதுகு 5 மில்லிமீட்டர் தடிப்பும் உடையதாயின் வாயின் கோணம் சுமார் 16 பாகை. கல்லில் வாயை முன்னிட்டும், தோல்வாரில் முதுகை முன்னிட்டும் நகர்த்துக. மாறிச் செய்தால் வார் அறுபடும். இரண்டிலும் கை அழுத்தம் மிக லேசாக இருத்தல் வேண்டும்.

ஒரு புறம் மட்டும் சாய்வுள்ள ஒட்டுக்கத்தியில் சாய்ந்த புறத்தையே தீட்டி, மறுபுறத்தைக் கல்லில் தட்டையாக வைத்து, எழுந்த பிசிரை மட்டும் நீக்குக.

வேகமாய்ச் சுழலும் சாணைச் சக்கரத்தில் இக்கத்திகளைப் பிடித்தலாகாது. வாய் சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். பின்னர் எக்கல்லில் தீட்டினும் கூர் நில்லாது.

6. கல்லைப் பேணுதல்

நாளடைவில் கல்லின் நடுப்பகுதி குழியும். குழிந்த கல்லில் நேர்வாய் அமையாது. பென்சிலால் கல்லின் மேல் கட்டமிட்டு, சமதளக் கண்ணாடியின் மேல் ஒட்டிய நீர் உப்புத்தாளில் நீர் விட்டுத் தேய்த்து, கோடுகள் யாவும் அழியும்வரை சமப்படுத்துக.

நீர்க்கல்லுக்கு எண்ணெய் இடலாகாது. எண்ணெய்க்கல்லுக்கும் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை ஏற்றவையல்ல. அவை நாளடைவில் பிசினாகி மணிகளை மூடிவிடும். மெல்லிய தாது எண்ணெயே தக்கது.

7. பரிசோதனை

ஒட்டுக் கட்டும் முன் வேண்டாத பச்சைக்குச்சி ஒன்றை ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவிப் பார்க்க. வெட்டு முகம் வழவழப்பாக மின்னி, பட்டையின் ஓரம் பிரியாதிருந்தால் கத்தி தகுதியுள்ளது. நார் எழும்பினாலும் முகம் மங்கியிருந்தாலும் மீண்டும் கல்லுக்குச் செல்க. விலையுயர்ந்த ஒரு கல்லைக் காட்டிலும், எண்ணின் பொருளறிந்து வாங்கிச் சமமாகப் பேணிய இரண்டு கற்கள் தோட்டக்காரர்க்கு அதிக அனுகூலம் தரும்.