எதிரிக்கும் மருந்து உண்டு

சண்டையில் காயம்பட்டுப் பிடிபட்ட எதிரி வீரனுக்கும் வைத்தியம் பார்த்தே ஆகவேண்டுமா? நம் வீரர்கள் காத்திருந்தாலுமா?
– வாசகர், மதுரை

பார்த்தே ஆகவேண்டும். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி, யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கும். நம் வீரனுக்குக் கையில் சிராய்ப்பு, எதிரிக்கு வயிற்றில் குண்டு என்றால், மருத்துவர் முதலில் போகவேண்டியது எதிரியிடம்தான். அதற்காக அவரை யாரும் தண்டிக்கக் கூடாது. எதிரி போர்க்கைதிதான், ஆனாலும் அவன் உயிர் நம் பொறுப்பு.

1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரற்றுக் கிடந்ததை ஆன்ரி துனான் என்பவர் கண்டு பதறியதில் முளைத்த சட்டம் இது. இந்தியாவும் இதை ஏற்றிருக்கிறது. காயம்பட்டுப் பிடிபட்ட எதிரி வீரனை வேண்டுமென்றே கொல்பவருக்கு நம் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பது மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.